‘இன்று பறக்க வேண்டாம்’ என்று சொல்ல முடியாத கேப்டன்: ஆகாயக் கப்பல்களின் பழைய காகிதங்கள் சொல்லும் கதை

1930 அக்டோபர் 4, சனிக்கிழமை மாலை. இங்கிலாந்தின் கார்டிங்டன் என்ற ஊரில் மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே ஓர் உயரமான கம்பத்தின் உச்சியில் 237 மீட்டர் நீளமுள்ள ஆகாயக் கப்பல் ஒன்று கட்டப்பட்டிருந்தது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைப் படுக்க வைத்தால், அதன் பாதி உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலான நீளம் அது. பெயர் ‘ஆர்-101’.

எகிப்து வழியாக, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சிக்குச் செல்ல அது புறப்பட்டது. கப்பலில் 54 பேர். பிரிட்டனின் விமானத்துறை அமைச்சர் லார்ட் தாம்சனும் அவர்களில் ஒருவர்.

ஏழரை மணி நேரத்திற்குப் பிறகு, பிரான்சின் பொவே நகருக்கு அருகே ஒரு மேட்டில் மோதி அது தீப்பற்றியது. 48 பேர் மாண்டனர். அமைச்சர், கப்பலை வடிவமைத்தவர், கேப்டன் ஆகிய மூவருமே போய்விட்டனர். உயிர் பிழைத்தது ஆறு பேர் மட்டுமே.

எந்த விபத்து நடந்தாலும் முதலில் எழும் கேள்வி, ‘ஓட்டியவர் என்ன செய்தார்?’ என்பதுதான். பஸ் கவிழ்ந்தாலும் லோரி மோதினாலும் அப்படித்தான். ஆகாயக் கப்பல்களின் வரலாற்றை ஆராய்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி போதவில்லை. ‘ஓட்டியவரால் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா?’ என்றும் அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. அதற்கான பதில் கோப்புகளிலும் கடிதங்களிலும் சாட்சியங்களிலும் சிதறிக் கிடந்தது.

பலூன் வேறு, ஆகாயக் கப்பல் வேறு

சாதாரண பலூனுக்கு எலும்பு கிடையாது. காற்று இழுத்த பக்கம் போகும். இங்கே பேசப்படும் ஆகாயக் கப்பலுக்கோ உலோகத்தால் ஆன கூடு உண்டு. அந்தக் கூட்டின் மேல் துணி போர்த்தி இறுக்கியிருப்பார்கள். உள்ளே வரிசையாகப் பெரிய வாயுப் பைகள் இருக்கும். ஆர்-101 கப்பலின் பைகளுக்கு, வாயு கசியாமல் இருக்க மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வைப் பயன்படுத்தினார்கள்.

பைகளில் நிரப்பப்பட்டது ஹைட்ரஜன். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. அதே அளவு ஹைட்ரஜன் 100 கிராம்கூட இருக்காது. அந்த வித்தியாசம்தான் கப்பலைத் தூக்கும் சக்தி. ஒவ்வொரு கன மீட்டரும் சுமார் 1.1 கிலோ எடையைத் தூக்கும். ஆனால் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும்.

இதை ஒருவர் தனியாக ஓட்ட முடியாது. கீழே தொங்கும் அறையில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒருவர் இடம் வலம் திருப்புவார். இன்னொருவர் மூக்கை மேலே தூக்குவார், கீழே இறக்குவார். இயந்திர அறைகளில் வேறு ஆட்கள். இவர்கள் எல்லாருக்கும் கட்டளை கொடுப்பவர் கேப்டன்.

மழை பெய்தால் நனைந்த துணி கனக்கும். பையில் ஓட்டை விழுந்தால் தூக்கும் சக்தி குறையும். கீழ்நோக்கி அடிக்கும் காற்று கப்பலை அழுத்தும். கனத்தைக் குறைக்க, சேமித்து வைத்த தண்ணீரைக் கொட்டுவார்கள். இந்த மூன்று தொல்லையும் ஒரே இரவில் வந்துவிட்டால் கேப்டனுக்குச் செய்ய அதிகம் இருக்காது. ஆகவே கப்பலைக் காக்கும் முக்கியமான முடிவு தரையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது: புறப்படுவதா, வேண்டாமா?

முதலில் ஓட்டியவர் பெயர் தெரியுமா?

ஆகாயக் கப்பல் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் ஜெர்மனியின் கவுண்ட் ஸெப்பெலின். ஆனால் அவருக்கு முன்பே, உலோகக் கூடு கொண்ட கப்பல் ஒன்று பறந்துவிட்டது.

அதை உருவாக்கியவர் டேவிட் ஷ்வார்ட்ஸ் என்ற மர வியாபாரி. முதலில் ரஷ்யாவில் முயன்றார், பலிக்கவில்லை. பிறகு பெர்லினில், கார்ல் பெர்க் என்ற அலுமினியத் தொழிலதிபரின் உதவியோடு மீண்டும் தொடங்கினார். கப்பல் பறப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1897 ஜனவரியில் காலமானார். வேலையை முடித்துக் காட்டியவர் அவருடைய மனைவி மெலனி.

1897 நவம்பர் 3-ஆம் தேதி பெர்லினின் டெம்பல்ஹோஃப் மைதானத்தில் அந்த அலுமினியக் கப்பல் எழும்பியது. உள்ளே இருந்தவர் எர்ன்ஸ்ட் யேகல்ஸ் ஒருவர்தான். மேலே போனதும் விசிறிகளை இயக்கும் பெல்ட் கழன்றது. கப்பல் காற்றின் போக்கில் போகத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் அவர் வாயுவைத் திறந்துவிட்டு இறக்கினார். கப்பல் தரையில் மோதி நொறுங்கியது. அவர் உயிர் தப்பினார்.

ஷ்வார்ட்ஸின் பெயராவது சில புத்தகங்களில் இருக்கிறது. யேகல்ஸ் பெரும்பாலும் ஒரே வரியில் வந்து போகிறார். கப்பல் யாருடையது என்பதற்குக் காப்புரிமைப் பத்திரமும் ஒப்பந்தமும் சாட்சியாக நிற்கின்றன. உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவருக்கு அப்படி எந்தப் பத்திரமும் இல்லை.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஷ்வார்ட்ஸின் காப்புரிமையை விதவையிடமிருந்து வாங்கித்தான் ஸெப்பெலின் கப்பல் கட்டினார் என்று பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஸெப்பெலின் தம் சொந்தத் திட்டத்திற்கு 1895-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஷ்வார்ட்ஸ் தரப்போடு ஒப்பந்தம் செய்திருந்தவர் பெர்க். அதே பெர்க் பின்னர் ஸெப்பெலினுக்கும் அலுமினியம் கொடுத்தார். இரு தரப்பையும் இணைப்பது இந்தத் தொழிலதிபர்தான். அவருடைய ஒப்பந்தத்தையும் காப்புரிமைத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதினால் இப்படித்தான் கதை வளரும்.

குறை சொன்ன நிருபர் கேப்டன் ஆனார்

1900 ஜூலை 2-ஆம் தேதி, போடன் ஏரியின் மேல் ஸெப்பெலினின் முதல் கப்பல் பறந்தது. நீளம் 128 மீட்டர். பறந்த நேரம் ஏறக்குறைய 18 நிமிடம்.

அதே ஆண்டு நடந்த அடுத்த பறப்பைப் பற்றியும், 1906-இல் பறந்த இரண்டாம் கப்பலைப் பற்றியும் ஒரு ஜெர்மன் நாளிதழுக்கு எழுதியவர் ஹியூகோ எக்கனர். அவர் புகழ்ந்து எழுதவில்லை. குறைகளைச் சுட்டிக்காட்டினார். ஸெப்பெலின் கோபித்து ஒதுங்காமல் அவரைத் தேடிச் சென்று பேசினார். முடிவில் எக்கனர் அந்த நிறுவனத்திலேயே சேர்ந்தார். பின்னர் கேப்டனாகவும் ஆனார்.

1908 ஆகஸ்டு 5-ஆம் தேதி எக்டர்டிங்கன் என்ற ஊரில் ஸெப்பெலினின் நான்காவது கப்பல் புயலில் அறுத்துக்கொண்டு எரிந்து போனது. நிறுவனமே முடிந்தது என்று நினைத்த வேளையில், ஜெர்மன் மக்கள் தாங்களாக முன்வந்து 60 லட்சம் மார்க்குக்கு மேல் நன்கொடை கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் தொழில் மீண்டும் எழுந்தது. 1909-இல் பயணிகளை ஏற்றிச் செல்ல ‘டெலாக்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது.

மக்களின் அன்பு ஒரு பலம். அதுவே கேப்டனுக்கு நெருக்கடியாகவும் மாறலாம் என்பதை எக்கனர் சீக்கிரமே தெரிந்துகொண்டார்.

1911 மே 16, டுசல்டோர்ஃப் நகரம். கொட்டகைக்கு வெளியே நல்ல காற்று. ஆனால் பயணிகள் வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டமும் கூடிவிட்டது. கப்பலை வெளியே எடுக்கச் சொன்னார் எக்கனர். காற்று அதைத் தூக்கிக் கொட்டகையின் மேலேயே சாய்த்தது. தீயணைப்பு ஏணி வைத்துப் பயணிகளை இறக்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாக யாரும் சாகவில்லை.

இதில் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுவது எக்கனரின் சொந்தச் சொல். பழியைக் காற்றின் மேலோ கயிறு பிடித்த ஆட்களின் மேலோ அவர் போடவில்லை. கூட்டத்தின் அவசரத்துக்குத் தாம் இடம் கொடுத்துவிட்டதாகப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு அவர் வழி மாறியது. வானிலைத் தகவல் பெற ஏற்பாடு செய்தார். ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். காற்று சரியில்லை என்றால் யார் காத்திருந்தாலும் கப்பல் வெளியே வராது. முதல் உலகப் போர் தொடங்கும் முன் டெலாக் நிறுவனம் கட்டணம் கட்டிய 10,000-க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றியது. சில கப்பல்கள் அழிந்தன, ஆனால் ஒரு பயணிகூட உயிரிழக்கவில்லை.

அதே காலத்தில் ஜெர்மன் கடற்படையின் ஆகாயக் கப்பல்களில் நடந்தது வேறு. 1913 செப்டம்பரில் ஒன்று புயலில் விழுந்து 14 பேர் இறந்தனர். அடுத்த மாதமே இன்னொன்று பெர்லின் அருகே எரிந்து அதில் இருந்த 28 பேரும் மாண்டனர்.

இருபதாம் தேதிக்குள் திரும்ப வேண்டும்

பிரிட்டனின் திட்டத்துக்குப் பின்னால் பேரரசு இருந்தது. லண்டனிலிருந்து இந்தியாவுக்கும் கனடாவுக்கும் ஆகாயக் கப்பல் விட வேண்டும் என்று 1924-இல் அரசாங்கம் முடிவு செய்தது. அதற்காகக் கராச்சியில் மாபெரும் கொட்டகையும், எகிப்தின் இஸ்மாயிலியாவில் கம்பமும் கட்டப்பட்டன.

அரசாங்கமே கட்டிய ஆர்-101 முதலில் பறந்தது 1929 அக்டோபரில். அப்போதே ஒரு பிரச்சினை தெரிந்தது. கப்பல் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. இந்தியா வரை போகத் தூக்கும் சக்தி போதாது. அதனால் இரண்டு வேலை செய்தார்கள். வாயுப் பைகளைப் பிடித்திருந்த கம்பிகளைத் தளர்த்தி, பைகள் இன்னும் உப்பும்படி விட்டார்கள். பிறகு கப்பலை நடுவில் வெட்டி, ஒரு துண்டைச் சேர்த்து நீளமாக்கினார்கள்.

தளர்த்தப்பட்ட பைகள் கூட்டின் உலோகத்தில் உரசத் தொடங்கின. ஓட்டைகள் விழுந்தன.

கார்டிங்டனில் பாதுகாப்பைச் சோதிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஃபிரெடரிக் மெக்வேட். 1930 ஜூலை 3-ஆம் தேதி அவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பைகள் உரசுகின்றன, உரசும் இடங்களில் மெத்தை போல் துணி சுற்றுவது சரியான தீர்வு ஆகாது, பறக்கும் அனுமதியை நீட்டிக்கத் தம்மால் பரிந்துரை செய்ய முடியாது என்பதே அதன் சாரம். அங்கே ‘வேண்டாம்’ என்று எழுத்தில் வைத்தவர் அவர்.

அந்தக் கடிதம் என்னவானது? எந்தத் திட்டத்தைப் பற்றி அவர் எச்சரித்தாரோ, அதே திட்டத்தின் தலைவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. துணி சுற்றினால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. விஷயம் அத்தோடு நின்றது.

அமைச்சருக்கோ தேதி முக்கியம். அக்டோபரில் லண்டனில் பேரரசு நாடுகளின் மாநாடு நடந்துகொண்டிருந்தது. இந்தியா போய் 20-ஆம் தேதிக்குள் அவர் திரும்ப வேண்டும்.

நீளமாக்கிய பிறகு கப்பல் ஒரே ஒரு முறைதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. அக்டோபர் 1-ஆம் தேதி புறப்பட்டு மறுநாள் திரும்பியது. அமைதியான வானிலை. இயந்திரம் ஒன்றில் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி கெட்டதால் முழு வேகத்தில் ஓட்டவில்லை. புயல் காற்றில் முழு வேகத்தில் இந்தக் கப்பல் எப்படி நடந்துகொள்ளும் என்று அறியாமலேயே இந்தியப் பயணம் தொடங்கியது.

இரண்டு காகிதங்கள், ஒரு கேப்டன்

பழைய ஆவணங்களைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அமைச்சர் தாம்சனின் இரண்டு சொற்கள் நல்ல உதாரணம்.

ஜூலையில் அவர் எழுதிய குறிப்பில், தம் திட்டங்களை அதற்கேற்ப அமைத்துவிட்டதால் இந்தியப் பயணத்தின் அட்டவணையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்திலோ, தம்முடைய அவசரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், உங்கள் அனுபவப்படி தீர்மானியுங்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னார்.

முதல் குறிப்பை மட்டும் எடுத்தால் அமைச்சர் கொடுமைக்காரர். இரண்டாவதை மட்டும் எடுத்தால் அவர் மேல் குற்றமே இல்லை. இரண்டையும் தேதி வரிசையில் வைத்தால்தான் உண்மை நிலைமை தெரிகிறது. மூன்று மாதமாகத் தேதியைச் சொல்லி நெருக்கிய ஒருவர், புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ‘உங்கள் இஷ்டம்’ என்கிறார். அந்த நேரத்தில் யார் எழுந்து ‘முடியாது’ என்பார்?

கப்பலின் கேப்டன் எச். கார்மைக்கேல் இர்வின். அயர்லாந்தைச் சேர்ந்தவர். 1920 ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் பங்கெடுத்தவர். அனுபவசாலி. ஆனால் அன்று அவருக்கு மேல் அதிகாரம் உள்ளவர்கள் பலர் அதே கப்பலில் இருந்தார்கள். ஆகாயக் கப்பல் திட்டத்தின் இயக்குநர் கால்மோர் இருந்தார். 1919-இல் ஆர்-34 கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பெயர் பெற்ற மேஜர் ஸ்காட் இருந்தார். எல்லாருக்கும் மேலாக அமைச்சரே இருந்தார். நிர்வாகி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது, ‘பிரேக் சரியில்லை, இன்றைக்கு வண்டி எடுக்கமாட்டேன்’ என்று லோரி ஓட்டுநர் சொல்வது எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பார்த்தால் இர்வினின் நிலைமை புரியும்.

புறப்பட்ட பிறகு வானிலை இன்னும் மோசமாகும் என்று வானொலியில் தகவல் வந்தது. கப்பல் திரும்பவில்லை. நள்ளிரவில் கப்பலிலிருந்து போன செய்தி, பயணிகள் நல்ல விருந்து உண்டு, சுருட்டுப் பிடித்து, பிரெஞ்சுக் கரையைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனதாகச் சொன்னது. இரண்டு மணிக்கு வேலை ஆட்கள் மாறினார்கள். அடுத்த சில நிமிடங்களில் மூக்கு கீழே சாய்ந்தது.

பிழைத்தவர்களும் கணக்குகளும்

பிங்க்ஸ் என்ற இயந்திரப் பணியாளர் அன்று தம் முறைக்குச் சற்றுத் தாமதமாக வந்தார். அதனால் அவரும், அவரிடம் வேலையை ஒப்படைக்கக் காத்திருந்த பெல்லும் ஒரே இயந்திர அறையில் இருந்தார்கள். மேலே இருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து அவர்கள் மேல் கொட்டியது. இருவருமே பிழைத்தார்கள். ஹாரி லீச் என்பவர் புகைபிடிக்கும் அறையின் சுவரைக் கையாலேயே பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார். பிறகு வானொலி இயக்குநர் டிஸ்லியைக் காப்பாற்றத் திரும்பவும் நெருப்புக்குள் போனார். அதற்காக அவருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது.

கட்டளை அறையில் இருந்த எவரும் மிஞ்சவில்லை. ஆகவே சர் ஜான் சைமன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, மற்ற இடங்களில் இருந்தவர்களின் சாட்சியத்தை மட்டுமே நம்பி இருக்கவில்லை. கப்பல் எப்படிச் சாய்ந்தது, எவ்வளவு நேரத்தில் விழுந்தது என்பதை வைத்து பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் கணக்குப் போட்டது. முன்பக்கப் பைகளில் கணிசமான வாயு போயிருந்தால்தான் அப்படி விழுந்திருக்க முடியும் என்று தெரிந்தது.

1931-இல் அறிக்கை வந்தது. முன்பக்க வாயு இழப்பும், கீழ்நோக்கி அடித்த காற்றும் சேர்ந்து கப்பலை வீழ்த்தின என்பதே அதன் முடிவு. சக்கரம் பிடித்தவரின் தவறாக அது பார்க்கப்படவில்லை. அரசாங்கத்தின் கொள்கைக் காரணங்கள் இல்லாதிருந்தால் அந்த மாலை கப்பல் இந்தியாவுக்குப் புறப்பட்டிருக்காது என்றும் குழு எழுதி வைத்தது. மெக்வேட்டின் கடிதமும் விசாரணையில் வெளியே வந்தது.

இறந்தவர்கள் பதில் சொல்ல முடியாத இடத்தில், அவர்கள் சார்பாகப் பேசியவை ஒரு கடிதமும் சில கணக்குத் தாள்களும்தான்.

ஆவி சொன்னதும் ஆவணம் சொன்னதும்

விபத்து நடந்து இரண்டே நாளில், லண்டனில் நடந்த ஓர் ஆவி அழைப்புக் கூட்டத்தில் இர்வினின் ஆவி பேசியதாகச் செய்தி பரவியது. இன்றும் அந்தக் கதை புத்தகங்களில் வலம் வருகிறது. படிக்க சுவாரசியம்தான். ஆனால் அதை இர்வினின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது. இறந்த ஒரு கேப்டனின் வாயில் மற்றவர்கள் வார்த்தை வைப்பது, அவர் மேல் பழி போடுவதற்கு அடுத்தபடியான அநியாயம்.

இந்த வரலாற்றைத் தேட விரும்பும் மாணவர்களுக்குச் சில வழிகள் உண்டு. முதலில், விபத்து நடந்த காலத்தில் எழுதப்பட்டதையும் பல ஆண்டு கழித்து எழுதப்பட்டதையும் பிரித்து வைக்க வேண்டும். அடுத்து, சொன்னவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்க வேண்டும். இயந்திர அறையில் இருந்தவருக்குக் கட்டளை அறையில் நடந்தது தெரியாது. மூன்றாவது, ஒரே ஆளின் இரண்டு காகிதங்கள் முரண்பட்டால் ஒன்றைத் தூக்கி எறியாமல் தேதியைப் பார்க்க வேண்டும்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் கோப்புகள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் ஸெப்பெலின் அருங்காட்சியகம் இருக்கிறது. கார்டிங்டனில் அந்தப் பிரம்மாண்டமான கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. அந்த ஊரில் மாண்ட 48 பேரும் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அங்கே அமைச்சர் என்றும் இயந்திரப் பணியாளர் என்றும் பிரிவு இல்லை.

ஆர்-101 விபத்தோடு பிரிட்டன் இத்தகைய கப்பல்களைக் கைவிட்டது. கனடா போய் வந்த ஆர்-100 கப்பலும் உடைத்து விற்கப்பட்டது. ஜெர்மனியில், எக்கனர் 1929-இல் உலகைச் சுற்றி வந்த ‘கிராஃப் ஸெப்பெலின்’ 590 முறை பறந்தும் ஒரு பயணியைக்கூட இழக்கவில்லை. 1937 மே 6-ஆம் தேதி அமெரிக்காவில் ‘ஹிண்டன்பர்க்’ எரிந்து 36 பேர் இறந்ததோடு அந்தக் காலமும் முடிவுக்கு வந்தது.

எக்கனர் 1911-இல் ஒரு முறை கூட்டத்துக்குப் பணிந்தார். அன்று யாரும் சாகவில்லை. அந்தப் பாடத்தை வைத்து, பிறகு மறுக்கும் அதிகாரத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டார். இர்வினுக்கு அந்த அதிகாரம் பெயரளவில் இருந்தது. மெக்வேட் அதைக் கடிதத்தில் பயன்படுத்தினார். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆகாயக் கப்பல்கள் போய்விட்டன. ஆனால் ஓட்டுகிறவரும் சோதிக்கிறவரும் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால், அந்த வார்த்தை எதுவரை போய்ச் சேருகிறது என்ற கேள்வி ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் தொழிற்சாலையிலும் இன்றும் இருக்கிறது.